எட்டுக் கடைக்கு ஒரு பெட்டி

ஹைதராபாத்
11 மே 1997

அன்னய்யாவுக்கும் வதினாவுக்கும் சசிரேகாவின் நமஸ்காரம். நான் நன்றாக இருக்கிறேன். வதினாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? ஆவக்காய் ஜாடி உடையாமல் வந்து சேர்ந்தது. இதுவரை என் அறைப் பக்கமே எட்டிப் பார்க்காத விடுதிப் பெண்களெல்லாம் இப்போது சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் நலம் விசாரிக்க வருகிறார்கள்.

என்ன வேலைதான் பார்க்கிறாய் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். மருந்து விற்பது உன் வேலை. எந்த ஊரில் எந்த மருந்து எவ்வளவு போகிறது என்று விசாரித்த தகவலைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அலசி, மேலே இருப்பவர்கள் முடிவெடுக்கும்படி படமாகப் போட்டுக் கொடுப்பது எங்கள் மருந்துக் கம்பெனியில் என் வேலை. போன மாதம் எங்கள் ஆட்கள் கிருஷ்ணா கழிமுகத்தில் அறுபது மருந்துக் கடைகளில் விசாரித்து வந்தார்கள். அதில் உன் கடையும் இருக்கிறது! பாம்புக்கடி மருந்துக்கு நேராகப் பெரிய பூஜ்யம். என்ன அன்னய்யா, நம் ஊர்ப் பாம்புகளுக்கெல்லாம் பல் கொட்டிவிட்டதா?

ராமுலு மாமா வசம் மல்லேஸ்வரிக்கு லாட் பஜார் அரக்கு வளையல் ஒரு ஜோடி கொடுத்தனுப்பியிருக்கிறேன். பச்சை நிறம். ஐந்தாம் வகுப்பிலிருந்து என் பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு என் முதல் சம்பள உயர்வில் வாங்கியது என்று சொல். கைக்குச் சேர்ந்ததா என்று எழுது.

உன் தங்கை,
சசி


கொத்தலங்கா
27 மே 1997

சிரஞ்சீவி சசிக்கு அண்ணன் பானகாலுவின் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சுகம். என் வீட்டுக்காரியான உன் வதினாவின் முட்டிவலியும் சுகமாக இருக்கிறது, அதற்கு ஒரு குறைவும் இல்லை.

அந்தப் பையன்கள் உன் ஆட்களா? முன்பே சொல்லியிருந்தால் சோடாவுக்குப் பதில் மோராவது கொடுத்திருப்பேன். இந்த வெயிலில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

"எந்த ஆபீஸ்ப்பா நீங்க?" என்றேன்.

"சர்வே சார்."

"எதுக்கு சர்வே?"

"சும்மா சர்வே சார்."

சும்மா எவனாவது டை கட்டுவானா? மருந்து இன்ஸ்பெக்டர் அனுப்பிய ஆள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். போன மாசம் பாம்பு மருந்து எத்தனை வித்தீங்க என்றான். விக்கலை என்றேன். அது நிஜம்தான். அவன் எழுதிக்கொண்டு போனான், நான் விசிறியை எடுத்துக்கொண்டேன்.

மல்லி வளையலோடு கடைக்கு வந்தாள். "அண்ணா, உன் தங்கச்சிக்கு நான் இன்னும் பத்தாங்கிளாஸ் படிக்கிறேன்னு நெனப்பு போல. சோப்பு போட்டு ஏத்தினேன் பாரு. இனிமே வெட்டினாத்தான் கழலும்" என்று கையை ஆட்டிக் காட்டினாள். புருஷன் விட்டுப் போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அவளும் அவள் அம்மாவுமாக ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் நாற்று விடப் போகிறாளாம்.

வேளைக்குச் சாப்பிடு.
அண்ணன்


ஹைதராபாத்
19 ஜூன் 1997

அன்னய்யாவுக்கும் வதினாவுக்கும் நமஸ்காரம். இங்கே மழை தொடங்கிவிட்டது. சளி பிடித்திருக்கிறது, மற்றபடி சுகம்.

ஒரு நல்ல செய்தி. நான் தயாரித்த அறிக்கையை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள், சம்பளத்தையும் மறுபடி உயர்த்திவிட்டார்கள். எங்கள் மேலாளர் சுதாகர் சார் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "இந்தப் பொண்ணு போட்டுக் குடுத்த ஒரு படம், பத்து வருஷமா நாம கண்ணை மூடிக்கிட்டு வண்டி ஓட்டினதைக் காட்டிருச்சு" என்றார். எனக்குக் காது வரை சூடாகிவிட்டது. அப்பா இருந்திருந்தால் ஊருக்கே பூதரேகுலு மிட்டாய் வாங்கிக் கொடுத்திருப்பார்.

விஷயம் இதுதான். ஐஸ் பெட்டியோடு உங்கள் பக்கம் வரும் எங்கள் வண்டி முக்கியமாகப் பாம்புக்கடி மருந்துக்காகத்தான் ஓடுகிறது. அறுபது கடையில் அதை விற்றது இரண்டே கடை. அதனால் ஜூலை முதல் வண்டி குடிவாடா டவுனோடு திரும்பிவிடும், உங்கள் ஊர்ப் பக்கம் வராது. மாத்திரை, டானிக் எல்லாம் வழக்கம்போல பார்சலில் வரும். உனக்கு ஒரு கஷ்டமும் இருக்காது.

மல்லியிடம் அடுத்த ஜோடி பெரிய அளவில் வாங்குகிறேன் என்று சொல்.

சசி


கொத்தலங்கா
25 ஜூன் 1997

சசி, ஆசீர்வாதம். உன் சளிக்கு மிளகு கஷாயம் குடி.

என்ன காரியம் செய்துவிட்டாய்? கோபத்தில் எழுதவில்லை, பயத்தில் எழுதுகிறேன். நீ படிக்கப் போய் காலேஜ் ஹாஸ்டலில் இருந்த காலத்தில் தொடங்கிய ஏற்பாடு இது, உனக்குத் தெரியாது. பாம்பு மருந்தைப் பெட்டியாகத்தான் தருவார்கள். பெட்டிக்குப் பத்துக் குப்பி. நல்ல கடி என்றால் ஒரு ஆளுக்கே அத்தனையும் வேண்டும். எங்களைப் போன்ற சின்னக் கடைக்காரன் தனியாக வாங்கி வைத்து, தேதி கடந்து குப்பையில் கொட்ட முடியுமா? அதனால் வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல எட்டு ஊர்க் கடைகள் சேர்ந்து முறை வைத்துக்கொண்டோம். முறைக்காரன் கடை ஃப்ரிட்ஜில் பெட்டி இருக்கும். எந்த ஊரில் கடித்தாலும் அங்கே ஓடி எடுத்துக்கொண்டு நம்மூர் நரசிம்மம் டாக்டரிடம் போவார்கள். வண்டி இறக்குவது மொத்த வியாபாரி பெயரில், எங்களுக்குள் பில் கிடையாது. செலவை எட்டாகப் பிரித்துக்கொள்வோம். பில் இல்லாமல் கைமாற்றுவது சட்டப்படி தப்பு என்பதால் யாரும் வெளியில் மூச்சு விடுவதில்லை.

ஏப்ரலில் பக்கத்து ஊர்க் கடைக்காரன் சலபதி முறை. அவன் கடைக்கு உன் ஆட்கள் போகவே இல்லை. எங்கள் ஏழு பேரிடம் கேட்டால் ஏழு பேரும் இல்லை என்றுதானே சொல்வோம்?

நடவு தொடங்கப் போகிறது. சேற்றில் கையை விடுகிற காலம். இப்போது இருப்பது ஒரே ஒரு பெட்டி. உடனே போய் உன் மேலாளரிடம் சொல்.

அண்ணன்


ஹைதராபாத்
14 ஜூலை 1997

அன்னய்யாவுக்கு நமஸ்காரம். வதினாவைக் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தைப் படித்ததும் சாப்பிடாமல் ஆபீசுக்கு ஓடினேன். சுதாகர் சார் கெட்ட மனிதர் இல்லை. முழுதாகக் கேட்டார்.

"சொல்றது யாரு?"

"எங்க அண்ணன் சார்."

"அண்ணன் சொல்றது தகவல் ஆகாதும்மா. போர்டு முன்னாடி நான் என்னன்னு சொல்வேன்? எங்க பொண்ணோட அண்ணன் லெட்டர் போட்டாருன்னா? எட்டுக் கடையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். எத்தனை பெட்டி, எத்தனை கேஸ். வண்டியைத் திருப்ப வேண்டியது என் பொறுப்பு."

அவர் சொல்வதில் எனக்குத் தப்பு தெரியவில்லை அன்னய்யா. பூஜ்யத்தை நம்பினவள் நான்தானே, இன்னொரு எண்ணைக் காட்டித்தான் அதை அழிக்க முடியும். நீ ஏன் அந்தப் பையன்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? நானும் ஏன் எதற்கு விசாரிக்கிறோம் என்று உனக்கு எழுதவில்லை? இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கையெழுத்துகளைச் சீக்கிரம் அனுப்பு. மல்லி நடவுக்கு இறங்கிவிட்டாளா? அவளைச் செருப்பில்லாமல் வரப்பில் நடக்க வேண்டாம் என்று சொல்.

சசி


கொத்தலங்கா
9 ஆகஸ்ட் 1997

சசிக்கு ஆசீர்வாதம். மழை விடவில்லை, துணி காயவில்லை, மற்றபடி எல்லோரும் இருக்கிறோம்.

மற்ற ஏழு கடையும் ஏறி இறங்கிவிட்டேன். சலபதி என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"பில் இல்லாம ஊசி மருந்து குடுத்தேன்னு என் கையாலயே எழுதித் தரணுமா? நாளைக்கு லைசன்ஸ் போனா உன் தங்கச்சி வந்து என் கடையில உக்காருவாளா?"

"மருந்து வரலேன்னா ஆளு போயிரும் சலபதி."

"ஆளு போனா பாம்பு மேல பழி. கையெழுத்துப் போட்டா என் மேல பழி."

மற்ற ஆறு பேரும் சலபதி போட்டால் போடுகிறோம் என்கிறார்கள். நான் ஒருவன் போட்டால் என்ன பிரயோஜனம்? அதனால் நானும் போடவில்லை.

இருந்த பெட்டி போன வாரம் ஒரு மீனவப் பையனுக்குச் செலவானது. பிழைத்துக்கொண்டான். குடிவாடாவில் இறங்குவதை அங்கத்து ஆஸ்பத்திரிகளே எடுத்துக்கொள்கின்றன, இனி பெஜவாடா டவுன் வரை போய் வாங்கி வருவதுதான் வழி. ஐஸ் போட்ட ஃப்ளாஸ்க் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அங்கேயும் கேட்ட நாளில் கிடைப்பதில்லை.

மல்லியிடம் செருப்பு விஷயம் சொன்னேன். "சேத்துக்குள்ள செருப்பு போட்டு நட்டா, செருப்பு மொளைக்கும் அண்ணா" என்றாள். வளையலைக் கழற்றினாளா என்றேன். கையை மறைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணன்


ஹைதராபாத்
21 செப்டம்பர் 1997

அன்னய்யாவுக்கும் வதினாவுக்கும் நமஸ்காரம். எல்லோரும் நலம்தானே?

ஆகஸ்டில் நான் போட்ட கடிதத்துக்கும் பதில் இல்லை. விநாயக சதுர்த்திக்கும் ஒரு வரி இல்லை. என் மேல் கோபமா? கோபப்பட்டாலும் எழுதிவிட்டுக் கோபப்படு.

சுதாகர் சாரைத் தினமும் நச்சரித்து ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிட்டேன். கடைக்காரர்கள் பெயர் வெளியே போகாது, லைசன்சுக்கு ஒன்றும் ஆகாது என்று கம்பெனி கடிதம் தருகிறது. இத்துடன் வைத்திருக்கிறேன், சலபதியிடம் காட்டு. இன்னொன்றும் சொன்னார்: "வண்டி நின்னதுக்கப்புறம் அந்தப் பக்கம் மருந்து கிடைக்காம யாராவது இறந்திருந்தா, அந்த எண்ணிக்கையையும் வாங்கிரு. மத்த எல்லாத்தையும் விட அதுதான் பேசும்." கேட்கவே ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் கேட்கிறேன்.

மல்லிக்கு நான் தனியாகப் போட்ட கார்டுக்கும் பதில் இல்லை. அறுவடை முடியும் வரை அம்மணிக்குப் பேனா பிடிக்க நேரமில்லை போல.

சசி


கொத்தலங்கா
4 அக்டோபர் 1997

சசிக்கு ஆசீர்வாதம்.

எட்டுப் பேரின் கையெழுத்தும் இத்துடன் இருக்கிறது. கம்பெனி கடிதத்தைக் காட்ட வேண்டியிருக்கவில்லை. சலபதிதான் முதலில் போட்டான்.

போன வருடம் முழுக்கச் செலவானது பதினோரு பெட்டி. வண்டி நின்ற பிறகு இறந்தது எட்டு ஊரிலும் சேர்த்து நான்கு பேர்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஹைதராபாத்
18 அக்டோபர் 1997

அன்னய்யாவுக்கும் வதினாவுக்கும் நமஸ்காரங்கள்! இங்கே எல்லாம் மிக நலம்.

வண்டி வருகிறது! நவம்பர் முதல் வாரம் ஐஸ் பெட்டியோடு நேராகக் கொத்தலங்கா வரை. இனி பத்துக் குப்பியாக வாங்க வேண்டாம், இரண்டு மூன்று என்று உடைத்தும் தருவார்கள், தேதி முடிந்தால் திரும்பவும் எடுத்துக்கொள்வார்கள். அதையும் பேசி முடித்துவிட்டேன். போர்டு கூட்டத்தில் என் படத்தைத் திரையில் காட்டினார்கள். கடைசிப் பக்கத்தில் நான்கு என்ற எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தேன். கறுப்பில் எடுபடவில்லை என்று சிவப்பாக மாற்றினேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. வெளியே வந்ததும் சுதாகர் சார், "பாத்தியாம்மா, ஒரு நம்பர் போதும்" என்றார்.

நீ ஏன் தந்தி பாஷையில் எழுதுகிறாய்? சலபதி எப்படி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டான்? எல்லாவற்றையும் விவரமாக எழுது. பார்சலில் வதினாவுக்கு ஒரு மங்களகிரிப் புடவை, மல்லிக்குப் பெரிய அளவில் வளையல். இந்தத் தடவை சிவப்பு. சோப்பு தேவைப்படாது என்று சொல்.

சந்தோஷத்துடன்,
சசி


கொத்தலங்கா
27 அக்டோபர் 1997

சசிக்கு வதினா சத்தியவதியின் ஆசீர்வாதம்.

உன் அண்ணன் எழுத மாட்டார். அறுவடைக்கு லீவு போட்டு நீ வரும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்கிறார். நீ வந்து வாசலிலேயே "மல்லி எங்கே" என்று கேட்டால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? அதனால் நானே எழுதுகிறேன். இதை உட்கார்ந்து படி.

மல்லேஸ்வரி இல்லை. செப்டம்பர் தொடக்கத்திலேயே போய்விட்டாள். காலையில் களை பறிக்கக் குனிந்தவளைக் கையில் கடித்தது. அவளே கட்டுப் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்து நம் கடைக்குத்தான் வந்தாள். கடையில் நான் இருந்தேன். "வதினா, பெட்டி யாரு முறை?" என்று கேட்டாள். யார் முறையும் இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? உன் அண்ணன் அன்று காலை முதல் பஸ்ஸில் பெஜவாடா போயிருந்தார், அந்த மருந்தை வாங்கத்தான். "அண்ணன் எடுத்துட்டு வந்துருவாரு, உக்காரு" என்றேன். நரசிம்மம் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, காத்திருக்க வேண்டாம், பந்தர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். டிராக்டரில் ஏற்றினோம். வாய்க்கால் கரை ரோடு சேறாகக் கிடந்தது. கை வீங்கி வளையல் சதைக்குள் இறங்கிவிட்டது. டாக்டர்தான் அதை வெட்டி எடுத்தார். பாலம் தாண்டும் வரை உயிர் தாங்கவில்லை. திருப்பிக் கொண்டுவந்துவிட்டோம்.

சாயங்காலம் உன் அண்ணன் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பஸ் நிறுத்தத்திலேயே கூட்டம். ஃப்ளாஸ்க்கைக் கையில் பிடித்தபடி "யாருக்கு, யாருக்கு" என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்தார். அன்றிலிருந்து அவர் சரியாகப் பேசுவதில்லை. "விக்கலைன்னு நான்தானே சொன்னேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். மறுநாள் சலபதி தானாகவே வந்து கையெழுத்துப் போட்டான்.

உன் மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். இருக்கிறது. உன் அண்ணன் மேல் இருக்கிறது, சலபதி மேல் இருக்கிறது, உட்காரு என்று சொன்ன என் மேலும் இருக்கிறது. ஆனால் நீ எங்கள் வீட்டுப் பெண். வா. வந்து அழு. தனியாக அங்கே உட்கார்ந்து அழாதே.

சிவப்பு வளையலைத் திருப்பி அனுப்புகிறேன். அதை அவள் அம்மா கண்ணில் படும்படி வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது.

வதினா


ஹைதராபாத்
3 நவம்பர் 1997

வதினா,

படித்தேன். நான்கு பேரில் ஒருத்தி அவள்.

நான் அந்த எண்ணைச் சிவப்பாக்கினேன். சரியாகத் தெரிய வேண்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடுத்த மேஜைப் பெண்ணைக் கூப்பிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றாள். அப்போது மல்லி போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

சுதாகர் சாரிடம் சொன்னேன். உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, லீவு எடுத்துக்கம்மா என்றார். எனக்கு இந்த மாதமே சம்பளத்தை மறுபடி உயர்த்தியிருக்கிறார்கள், அந்த வண்டியைத் திருப்பியதற்காக. நிறுத்தியதற்கு ஒரு தடவை, திருப்பியதற்கு ஒரு தடவை. மல்லி இருந்தால் இதைக் கேட்டு என்னை என்ன கேலி செய்திருப்பாள்!

அன்னய்யாவை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். திட்டியாவது எழுதட்டும்.

சசி


கொத்தலங்கா
10 நவம்பர் 1997

சசிக்கு ஆசீர்வாதம்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. வழி கேட்டு வந்த டிரைவர் நம் கடை வாசலில் நிறுத்தி, ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு பெட்டி எடுத்துக் கொடுத்தான். பில்லும் கொடுத்தான். இனி ஒவ்வொரு கடையும் தனித்தனியாக வாங்கலாம் என்றான். முறை முடிந்தது.

வண்டியைப் பார்த்து ஊரே கூடிவிட்டது. எல்லோரும் போன பிறகு மல்லியின் அம்மா வந்தாள். அவள் நம் கடைப் படி ஏறியது செப்டம்பருக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அந்த மருந்தைப் பார்க்க வேண்டும் என்றாள். ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு குப்பியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத்தனூண்டா?" என்றாள்.

"இதுமாதிரி பத்து போடணும்மா."

"அன்னிக்கு ஊர்ல இது ஒண்ணுகூட இல்லையா?"

"இல்லம்மா."

"எங்கதாம்ப்பா இருந்துச்சு?"

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் சசி? குடிவாடாவில் என்று சொல்லலாம். உன் கம்பெனி குடோனில் என்று சொல்லலாம். எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான்.

"என் மடியிலம்மா. வர்ற பஸ்ல."

அவள் என்னைத் திட்டவில்லை. குப்பியைப் புடவைத் தலைப்பால் துடைத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "பத்திரமா வைப்பா. ஐஸ்ல வை" என்று சொல்லிவிட்டு, நான் ஃப்ரிட்ஜை மூடும் வரை நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் அறுவடை. அவள் ஒருத்தியால் ஒன்றரை ஏக்கர் அறுக்க முடியாது. நாங்கள் எட்டுக் கடைக்காரர்களும் ஒரு நாள் கடையை மூடிவிட்டு இறங்குகிறோம். சலபதிக்கு அரிவாள் பிடிக்கவே தெரியாது, ஆனாலும் வருகிறான். நீயும் வா.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதும் வழக்கத்தை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன்.

அண்ணன்
பானகாலு